அறுக்க வேண்டியது பிணைப்பை; தட்டணுவை அன்று

டெங்கு பரவும் காலங்களில் நம் வீடுகளில் ஓயாமல் ஒலிக்கும் சொல் 'பிளேட்லெட்'. அந்த எண்ணிக்கை குறைந்தால் அஞ்சுகிறோம், கூடினால் மகிழ்கிறோம். ஆனால் புற்றுநோயில் இத்தட்டணுக்கள் நோயாளிக்கு மட்டும் துணைநிற்பதில்லை, நோய்க்கும் துணைபோகின்றன.

இந்த ஐயம் பழையது. காரணமின்றிச் சிரைகளில் குருதி உறைவது மறைந்திருக்கும் புற்றின் அடையாளமாகலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் துரூசோ 1865-இலேயே உரைத்தார். தட்டணுக்களைக் குறைத்த எலிகளில் புற்றுப் பரவலும் குறைவதை 1968-இல் காசிக் குழுவினர் காட்டினர்.

இது நிகழும் வழிகளுள் ஒன்று இன்று தெளிவாகியுள்ளது. வாய்ப்புற்று, மூளைப்புற்று போன்றவற்றில் பல உயிரணுக்கள் போடோபிளானின் என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கியுள்ளன. தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள கிளெக்-2 என்னும் ஏற்பி அதனைப் பற்றிக்கொள்கிறது. உடனே தூண்டப்படும் தட்டணுக்கள் திரண்டு புற்றணுவைப் போர்த்துகின்றன. அப்போர்வைக்குள் இருப்பதை நம் உடலின் இயற்கைக் கொல்லணுக்கள் எளிதில் இனங்காண்பதில்லை. தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளோ, புற்றணு வேறோர் உறுப்பில் குடியேறத் துணைபுரிகின்றன.

இதைக் கேட்டதும், "அப்படியானால் நாள்தோறும் ஓர் ஆஸ்பிரின் போதுமே" என்று முடிவுகட்டுவோர் உளர். 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வை அவர்கள் நோக்க வேண்டும். நலமாயிருந்த 19,114 முதியோரிடம் நடந்த அவ்வாய்வில், ஆஸ்பிரின் உண்டோரிடையே குருதிக்கசிவும் மிகுந்தது. புற்றுநோய் இறப்புகளும் மிகுதியாகவே பதிவாயின. குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு அம்மருந்து பயன்படலாம். அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே.

காயத்தை அடைக்கும் தட்டணுவை முழுமையாக முடக்குவது தீர்வாகாது. வேதிச்சிகிச்சையால் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு அது உயிராபத்து. கிளெக்-2 இல்லாத எலிகளில் குருதிக்கசிவு பெரிதாக மிகுவதில்லை என்பதே என் நம்பிக்கையின் அடிப்படை. எனினும் போடோபிளானின் நிணநாளங்களிலும் சிறுநீரகத்திலும் நுரையீரலிலும் இயல்பாகவே உள்ளது. ஆகவே புரதத்தையே அழிக்காமல், புற்றணுவில் நிகழும் பிணைப்பை மட்டும் தடுக்கும் மருந்தே நமக்குத் தேவை. வாய்ப்புற்றின் பெருஞ்சுமையைச் சுமக்கும் இந்தியா இவ்வாய்வில் பின்தங்கி நிற்றல் தகாது.

அம்மருந்து வரும்வரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. புற்றுநோயாளி ஒருவரின் ஒரு கால் திடீரென வீங்கினால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் ஒரு நொடியும் தாழ்த்தாதீர்கள். அது களைப்பாக இல்லாமல், குருதி உறைவாகவும் இருக்கலாம்.