கஸ்டம் இன்சோல்: காசு எதுக்குக் கொடுக்கறோம்?

காலையில் முதல் அடி வைக்கும்போதே குதிகால் சுளீர்னு வலிக்குதா? உடனே ஆயிரக்கணக்கில் கொடுத்து கஸ்டம் இன்சோல் ஆர்டர் பண்ணிடாதீங்க.

அசல் கஸ்டம்னா, பிளாஸ்டர் கட்டியோ ஃபோம் பெட்டியில் அழுத்தியோ உங்க பாதத்தை அச்சு எடுப்பாங்க. அதிலிருந்து பாதத்தின் மாதிரி செஞ்சு, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன் மேல படிய வெச்சு, ஷூவுக்கு ஏத்த மாதிரி தேய்ச்சுத் தருவாங்க. காசு இந்த வேலைக்குத்தான். கலர் ஸ்கேன் காட்டிட்டு, அலமாரியிலிருந்து ஒண்ணை எடுத்துக் கொடுத்தா அது ரெடிமேட்தான்!

சாதாரண குதிகால் வலிக்கு இரண்டுமே ஏறக்குறைய ஒரே பலன்தான்னு ஆய்வுகள் சொல்லுது. அதனால டாக்டரைக் கேட்டு, முதல்ல ரெடிமேட் போட்டுப் பாருங்க. ஆனா சர்க்கரை நோயால பாதம் மரத்துப்போனவங்க இதுல மிச்சம் பிடிக்காதீங்க. ஒரு புண் ஆறலைன்னா விரலே போயிடும்.