யாரும் மீன் பிடிக்காத கடலுக்கு 16 ஆண்டு தடை... ஆர்க்டிக் பனிக்கு அடியில் விஞ்ஞானிகள் எதைத் தேடுகிறார்கள்?

மீன் வளம் அழிந்த பிறகு தடை போடுவதைத்தான் நாம் வழக்கமாகக் கேள்விப்பட்டிருப்போம். வட துருவத்தில் நடந்திருப்பது அதற்கு நேர் எதிர். பெரிய கப்பல்கள் வணிகத்துக்காக இதுவரை வலை வீசாத ஒரு கடலில், "முதலில் ஆராய்ச்சி, அப்புறம்தான் மீன்பிடிப்பு" என்று பத்து தரப்புகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அந்தத் தடை 2021 ஜூன் 25-ல் அமலுக்கு வந்தது. முதல் கெடு முடிவது 2037-ல்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த ஒப்பந்தத்தின் உயிர் ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியோ போர், பணம், பனி என மூன்று பக்கமும் இடிபடுகிறது. என்ன நடக்கிறது? பார்ப்போம்.

இது எந்தக் கடல்?

ஆர்க்டிக் பெருங்கடலைச் சுற்றி ஐந்து நாடுகள்: அமெரிக்கா, கனடா, ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்து வழியாக டென்மார்க். ஒவ்வொன்றுக்கும் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்பிடி உரிமை உண்டு. அதற்கு அப்பால் நடுவில் மிச்சமிருப்பது யாருக்கும் சொந்தமில்லாத சர்வதேசக் கடல். பரப்பளவு சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

முன்பெல்லாம் ஆண்டு முழுக்க இங்கே பனி மூடியிருக்கும். கப்பலே போக முடியாது என்பதால் சட்டமும் தேவைப்படவில்லை. இப்போது கோடையில் ஓரப்பகுதிகள் திறந்துகொள்கின்றன. 1979-லிருந்து பார்த்தால், உலக சராசரியைவிட ஆர்க்டிக் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது என்கிறது 2022-ல் வெளியான ஃபின்லாந்து விஞ்ஞானிகளின் ஆய்வு.

பூட்டு கழன்றுகொண்டிருக்கும் வீட்டுக்கு முன்கூட்டியே காவல் போடும் முயற்சிதான் இந்த ஒப்பந்தம். 2018 அக்டோபர் 3-ல் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் கையெழுத்தானது. கரையோர ஐந்து நாடுகளுடன் சீனா, ஜப்பான், தென் கொரியா, ஐஸ்லாந்து, ஐரோப்பிய யூனியன் ஆகியவையும் சேர்ந்தன. எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டு ஆராய்ச்சித் திட்டம் நடத்த வேண்டும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

மீனே பிடிக்காத இடத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இருப்பது பெரிங் கடல். இரண்டு நாடுகளின் 200 மைல் எல்லைக்கும் இடையில் அங்கும் ஒரு சர்வதேசப் பகுதி உண்டு. வரைபடத்தில் பார்த்தால் டோனட்டின் நடு ஓட்டை மாதிரி இருப்பதால் பெயரே 'டோனட் ஹோல்'.

1980-களில் பொல்லாக் மீனுக்காக ஜப்பான், தென் கொரியா, போலந்து, சீனா எனப் பல நாட்டுக் கப்பல்கள் அங்கே குவிந்தன. ஃபிஷ் ஃபிங்கர், ஃபிஷ் பர்கர், நண்டு மாதிரி சுவைக்கும் சுரிமி ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் இந்த மீன்தான். 1989-ல் பிடித்தது சுமார் 14 லட்சம் டன். மூன்றே ஆண்டில், 1992-ல், கடல் காலி. 1993-ல் மீன்பிடிப்பை நிறுத்தினார்கள், 1994-ல் ஒப்பந்தமும் போட்டார்கள். முப்பது ஆண்டு தாண்டியும் அங்கே வணிக மீன்பிடிப்பு மறுபடி தொடங்கவில்லை.

எவ்வளவு மீன் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். நடு ஆர்க்டிக்கில் அதே கதை வேண்டாம் என்பதுதான் இந்தத் தடையின் மொத்த நியாயம்.

பனிக்கு அடியில் அப்படி என்ன மீன் இருக்கிறது?

முக்கியமான ஆள் 'போலார் காட்'. உருவத்தில் சின்னது, பெரும்பாலும் 30 சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் அதன் உடம்பில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது.

கடல் நீர் உறைவது சுமார் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில். சாதாரண மீனின் ரத்தம் அதற்கு முன்பே, மைனஸ் 1 டிகிரியை எட்டுவதற்குள்ளாகவே உறைய ஆரம்பித்துவிடும். அப்படியானால் உறையும் தறுவாயில் இருக்கும் தண்ணீரில் மீன் எப்படி நீந்துகிறது? போலார் காட் ரத்தத்தில் ஒரு சிறப்புப் புரதம் இருக்கிறது. உடம்புக்குள் சின்னப் பனித் துகள் உருவானால் அதன்மேல் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுத்துவிடும்.

தென் துருவத்தில் வேறொரு மீன் குடும்பத்திலும் கிட்டத்தட்ட இதே புரதம் இருக்கிறது. இரண்டு குடும்பங்களுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இரண்டு துருவங்களிலும் தனித்தனியாகப் பரிணமித்து, கடைசியில் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்று 1997-ல் மரபணு ஆய்வு காட்டியது.

போலார் காட் பெரிதாக யார் தட்டுக்கும் வருவதில்லை. ஆனால் ஆர்க்டிக் சமையலறையே இதை நம்பித்தான் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மிதவை உயிரிகளை இது சாப்பிடும். இதை சீல்கள், பெலுகா, நார்வால் திமிங்கிலங்கள், கடற்பறவைகள் சாப்பிடும். சீலைப் பனிக்கரடி சாப்பிடும். இது குறைந்தால் மேலே உள்ள எல்லோருக்கும் பட்டினிதான்.

குளிர்காலத்தில் பனிக்கு அடியில் முட்டையிடும். முட்டை மிதந்து மேலே வரும். இளம் மீன்கள் பனியின் விரிசல்களில் ஒளிந்து வளரும். அதனால் பனி என்பது இதற்குப் பிரசவ அறை, தொட்டில் இரண்டும். 2018-ல் ஜெர்மனியின் ஆல்பிரட் வெகனர் நிறுவன விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பலவீனத்தையும் காட்டியது. பெரிய மீன் தாங்கும் வெப்பத்தை முட்டை தாங்காது. தண்ணீர் சுமார் 3 டிகிரியைத் தொட்டாலே போலார் காட் முட்டைகள் பெருமளவில் சாக ஆரம்பிக்கின்றன. கடல் நீரில் அமிலத்தன்மை கூடினால் பாதிப்பும் கூடுகிறது.

அந்த இடத்துக்கு வேறு மீன் வராதா?

வருகிறது. பிரச்னையின் இன்னொரு பாதி அதுதான். சின்ன வயதில் வீட்டில் கொடுத்த காட் லிவர் ஆயில் நினைவிருக்கிறதா? அந்த எண்ணெயைத் தரும் அட்லாண்டிக் காட் இப்போது வடக்கே நகர்கிறது.

நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கும் பேரன்ட்ஸ் கடலில் 2004 முதல் 2012 வரை எடுத்த கணக்கெடுப்புகளை நார்வே விஞ்ஞானிகள் ஒப்பிட்டு, 2015-ல் வெளியிட்டார்கள். தண்ணீர் சூடாகச் சூடாக காட், ஹேடாக் போன்ற பெரிய வேட்டை மீன்கள் வடக்கே பரவியிருந்தன. ஏற்கெனவே அங்கே இருந்த சின்ன ஆர்க்டிக் மீன்கள் இன்னும் வடக்கே ஒதுங்கியிருந்தன. ஒரு தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் பழைய வாடகைக்காரர்களைக் கடைசி வீடு வரை தள்ளிய மாதிரி.

இப்படி ஒதுங்குவதற்கும் எல்லை உண்டு. பேரன்ட்ஸ் கடலின் சராசரி ஆழம் 230 மீட்டர்தான். அதன் வடக்கு விளிம்பைத் தாண்டினால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். கடலடியில் வாழ்ந்து பழகிய சின்ன மீனுக்கு அங்கே போக்கிடம் இல்லை.

நடுக் கடலில் மீன் இருக்கா, இல்லையா?

இதற்கு ஒரு தொடக்க விடை 'மொசெய்க்' பயணத்தில் கிடைத்தது. 2019 அக்டோபரில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பலைப் பனியோடு உறையவிட்டு, ஏறக்குறைய ஓராண்டு பனி இழுத்த பக்கமெல்லாம் மிதக்கவிட்டார்கள். கப்பலின் எதிரொலிக் கருவி வழிநெடுக ஆழத்தில் ஓர் உயிரின அடுக்கைப் பதிவு செய்தது. ஆனால் அது ரொம்ப மெல்லியது. தூண்டிலில் அட்லாண்டிக் காட் மீன்கள் சிலவும் சிக்கின. மரபணுவைப் பார்த்தால், அவற்றின் பூர்வீகம் நார்வே! 2022-ல் வெளியான இந்த முடிவுகள் சொல்வது, வணிகத்துக்கு ஏற்ற அளவு மீன் இப்போதைக்கு அங்கே தென்படவில்லை என்பதே.

ஆனால், இது ஒரு கப்பல் போன ஒரு கோடு மட்டும். ஒரு ரயில் ஜன்னலில் பார்த்ததை வைத்து நாடு முழுக்க எவ்வளவு நெல் விளைந்தது என்று சொல்ல முடியாது இல்லையா?

மீனை எப்படி எண்ணுகிறார்கள்?

நான்கு வழிகள். ஒன்று, ஒலி அலையை அனுப்பி மீன் கூட்டத்தில் பட்டு வரும் எதிரொலியை அளப்பது. இரண்டு, குறிப்பிட்ட இடங்களில் ஒரே மாதிரி வலையை ஒரே அளவு நேரம் இழுத்துப் பார்ப்பது. மூன்று, மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல். மரத்தின் வளையம் போல அதில் ஆண்டு வளையங்கள் இருக்கும், எண்ணினால் வயது தெரியும். நான்கு, தண்ணீரில் மீன் விட்டுச்சென்ற டி.என்.ஏ-வைச் சேகரிப்பது.

இதையெல்லாம் ஒரே முறை செய்து பயனில்லை. ஆண்டுதோறும், ஒரே முறையில், மீன் வாழும் மொத்தப் பரப்பிலும் செய்தால்தான் மீன் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். மீனுக்கு பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் அதை எண்ணப் போகும் கப்பலுக்கு அனுமதி வேண்டும்.

போர் இதில் எங்கே வருகிறது?

பேரன்ட்ஸ் கடல் மீன்களை நார்வேயும் ரஷ்யாவும் 1970-களின் நடுவிலிருந்து ஒரு கூட்டு ஆணையம் வைத்து நிர்வகிக்கின்றன. பனிப்போர் உச்சத்திலும் அது நிற்கவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அடுத்த மாதமே, வட அட்லாண்டிக் நாடுகளுக்கு மீன்பிடி அளவு குறித்து ஆலோசனை சொல்லும் சர்வதேச கடல் ஆய்வுக் கவுன்சில் ரஷ்யாவின் பங்கேற்பை நிறுத்திவைத்தது. அதன் பிறகு காட் மீன் கணக்கை நார்வே, ரஷ்ய விஞ்ஞானிகள் இருவர் மட்டுமே உட்காரும் மேஜையில் போடுகிறார்கள். முன்பு பல நாட்டு நிபுணர்கள் சரிபார்த்த கணக்கு அது.

சரிபார்ப்பு ரொம்பத் தேவைப்படும் நேரமும் இதுதான். 2013-ல் இரு நாடுகளும் சேர்ந்து காட் மீனுக்கு நிர்ணயித்த கோட்டா 10 லட்சம் டன். 2025-க்கு 3.4 லட்சம் டன். 1991-க்குப் பிறகு இவ்வளவு குறைவாக வைத்ததில்லை. 2026-க்கு அதுவும் 2.85 லட்சம் டன்னாக இறங்கிவிட்டது. பல ஆண்டுகளாகப் போதிய இளம் மீன்கள் சேராதது முக்கியக் காரணம்.

"தண்ணீர் சூடானால் காட் வடக்கே பரவும், ஆகவே லாபம்" என்ற எளிய கணக்கு பொய்த்துப்போன இடம் இது. மீன் பரவுவது வேறு, பெருகுவது வேறு. உலகிலேயே நீண்ட காலம், நன்றாக ஆராயப்பட்ட மீன் வளங்களில் ஒன்றிலேயே இப்படி என்றால், ஆய்வே சரியாகத் தொடங்காத நடு ஆர்க்டிக்கில் ஊகத்தை நம்பி எப்படி இறங்குவது?

இந்தியாவுக்கு இதில் என்ன?

2008 முதல் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் நை-ஆலசுண்டில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல் நுழைவில் 2014-ல் இந்திய விஞ்ஞானிகள் தண்ணீருக்கு அடியில் அளவிடும் கருவித் தொகுதியை நிறுவினார்கள். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே புகும் இடம் அது. அங்கே எடுக்கும் வெப்பநிலை, உப்புத்தன்மை அளவீடுகள், மீன் ஏன் நகர்கிறது என்ற கேள்விக்கும் உதவக்கூடியவை. ஆர்க்டிக் கவுன்சிலில் இந்தியா 2013 முதல் பார்வையாளர். ஆனால் மீன்பிடி ஒப்பந்தத்தில் உறுப்பினர் இல்லை.

2037-ல் என்ன ஆகும்?

16 ஆண்டு முடிந்ததும் தடை ஐந்தைந்து ஆண்டுகளாகத் தானாகவே நீளும். ஆனால் ஒரு நிபந்தனை: எந்தத் தரப்பும் முறைப்படி ஆட்சேபிக்கக் கூடாது. பத்தில் ஒன்று "வேண்டாம்" என்றாலே நீட்டிப்பு நடக்காது.

அன்றைக்கு மேஜையில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. எல்லோரும் சேர்ந்து எடுத்த, எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இருந்தால் பேச்சு அதைச் சுற்றி நடக்கும். இல்லையென்றால் ஆளுக்கொரு கணக்கு வரும். "மீன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை" என்று ஒருவர் சொல்வார். "அழியும் என்பதற்கும் ஆதாரம் இல்லையே" என்பார் இன்னொருவர். ஆராய்ச்சி இல்லாத இடத்தில் இரண்டுமே சரியான வாதம் போலத்தான் கேட்கும். டோனட் ஹோலில் அந்த வாதம் முடிவதற்குள் மீன் முடிந்துவிட்டது.

ரஷ்யா ஒப்பந்தத்தை விட்டு வெளியேறவில்லை. மற்றவர்களும் அதை வெளியே தள்ளவில்லை. போர் நடக்கும்போதும் பத்து தரப்பும் கட்டுப்பட்டிருக்கும் ஒரு ஏற்பாடு என்ற வகையில் இது அபூர்வம். ஆனால் தடை போட்டது மீனைக் காப்பாற்ற மட்டும் இல்லை, தெரிந்துகொள்ள அவகாசம் வாங்கவும்தான். அந்த அவகாசத்தில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. வாங்கிய நேரத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தால், 2037-ல் இவர்கள் 2018-ல் நின்ற அதே இடத்தில்தான் நிற்பார்கள். அப்போது பனி இன்னும் குறைந்திருக்கும்.