துருக்கிக் கடற்கரைக்குச் செல்லலாம், உம்ராவின் பெயரால் வேண்டாம்

உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர்ப் பகுதிகளில் கண்ணில் படும் உம்ரா அறிவிப்புகளில் சில ஆண்டுகளாக ஒரு சொல் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது: துருக்கி. மக்கா, மதீனா, திரும்பும் வழியில் இஸ்தான்புல், அதன்பின் அந்தால்யா கடற்கரையில் சில இரவுகள் என்று பயணத் திட்டம் நீள்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அது திரும்பும் வழியே அல்ல. ஜித்தாவிலிருந்து கோவை தென்கிழக்கே இருக்கிறது. இஸ்தான்புல் வடக்கே இருக்கிறது. முன்பெல்லாம் உம்ரா சென்று வந்தவர்கள் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் நீரும் தருவார்கள். இப்போது அவற்றோடு துருக்கி இனிப்பும் நீலக்கண் மணியும் வருகின்றன. (அந்த மணி கண்ணேறு கழிக்கத் தொங்கவிடப்படுவது. வாசலில் மாட்டுவதற்கு முன் ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.)

"கடற்கரைச் சுற்றுலா மார்க்கத்தில் கூடுமா?" என்பதே நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி. அதற்கான பதில் எளிது. தொழுகை தவறாமல், ஹலாலான பணத்தில், ஹயாவைக் காத்துக்கொண்டு, மனைவி மக்களோடு சென்று மகிழ்ந்து வருவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் நம்மை உறுத்துவது வேறொன்று. கடலில் குளிக்க வேண்டும், நல்ல விடுதியில் நான்கு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்ற ஆசையை நாம் ஏன் நேராகச் சொல்லத் தயங்குகிறோம்? ஏன் அதற்கு இபாதத்தின் போர்வையைப் போர்த்துகிறோம்?

போர்வை இரண்டு வகை. ஒன்று உம்ரா. மற்றொன்று "இஸ்லாமிய வரலாற்றுப் பயணம்". எர்துக்ருல் தொடரைப் பார்த்து முடித்த இளைஞர்கள் பலருக்குத் துருக்கி என்றாலே உதுமானிய வீரம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் எர்துக்ருலின் அடக்கவிடம் சோகுத் என்ற உள்நாட்டு ஊரில் இருக்கிறது. கடற்கரை விடுதியில் தங்கியவர் அங்கே போவதில்லை. அந்தால்யா, அலன்யா, ஃபெத்தியே, மர்மாரிஸ், போத்ரும், குஷாதாசி ஆகியவை ஐரோப்பியர் வெயில் காய வந்து குவியும் ஊர்கள். பெரும்பாலான விடுதிகளில் மது தாராளமாகப் பரிமாறப்படும்; உணவு, பானம் எல்லாம் உள்ளடங்கிய கட்டணம் என்றால் மதுவும் அந்தக் கட்டணத்தில் அடங்கியிருக்கிறது என்றே பொருள். முஸ்லிம் நாடு என்ற நம்பிக்கையில் கேளாமல் பதிவு செய்துவிட்டு, அங்கே போய் முகம் சுளிப்பதில் பயனில்லை.

மதுவில்லாத விடுதிகளும் அங்கே உண்டு. ஏஜியன் கடலோரத்தில் திதிம் என்ற ஊரில் 1996-இல் 'கேப்ரிஸ்' என்ற விடுதி இந்த முறையில் திறக்கப்பட்டது. ஆண்களுக்குத் தனிக் குளம், பெண்களுக்குத் தனிக் குளம், மறைப்புச் சுவருக்குள் பெண்களுக்கான கடற்கரை, பாங்கொலி எல்லாம் அங்கே இருந்தன. பின்னர் அலன்யா வட்டாரத்தில் இத்தகைய விடுதிகள் பெருகின. துருக்கியின் பேணுதலுள்ள முஸ்லிம்களே இவற்றைப் பற்றி அன்று கடுமையாக வாதிட்டார்கள். எளிமையைப் போதிக்கும் மார்க்கத்துக்கும் ஐந்து நட்சத்திர ஆடம்பரத்துக்கும் என்ன உறவு என்று ஒரு சாரார் கேட்டார்கள். பேணுதலோடு வாழும் பெண் ஓய்வெடுக்கவே கூடாதா என்று மறுசாரார் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். நாம் இரண்டாம் சாராரின் பக்கமே சற்றுச் சாய்கிறோம்.

காரணம், நம் கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோவை லேத் பட்டறையிலும் உழைக்கும் ஆண்களுக்காவது தொழில் நிமித்தம் நான்கு ஊர் பார்க்கும் வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு? ஆண்டுக்கு ஒருமுறை ஊட்டி. அதுவும் இல்லையென்றால் ஆழியாறு அணை, கொடிவேரி. கொடிவேரியில் ஆண்கள் தண்ணீரில் விழுந்து கிடக்க, பெண்கள் கரையில் பிரியாணிப் பாத்திரத்துக்குக் காவல் இருப்பார்கள். கோட்டைமேட்டில் 1998-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வளர்ந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். தெருமுனையில் போலீஸ் சோதனைச் சாவடி, வீட்டுக்குள்ளே பெரியவர்களின் அச்சம் என்றே அவர்களின் இளமை கழிந்தது. அப்படி வளர்ந்த ஒருத்தி நாற்பது வயதில், அந்நிய ஆணின் கண் படாத ஒரு கடற்கரையில் முதல்முறையாக இடுப்பளவு நீரில் இறங்கி நின்றால், அதை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. சுவருக்குள் அடைபட்ட சுற்றுலா என்று கேலி பேசுவோர் பெரும்பாலும் கொடிவேரியில் விழுந்து குளித்த ஆண்கள்தாம்.

ஆனால் பணம் என்று வரும்போது நாம் முதல் சாராரின் பக்கம் போய்விடுகிறோம். தனிநபர் கடன் வாங்கித் தவணை கட்டும் பயணங்களும், நகையை அடகு வைத்த பயணங்களும் நம் சமூகத்தில் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. வட்டி எவ்வளவு கடுமையாகத் தடுக்கப்பட்டது என்பதை இந்தப் பக்கத்தின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனைச் செலவுக்கு வட்டிக்கு வாங்க நேர்ந்தவனுக்கு ஒரு நெருக்கடியைக் காரணம் காட்டவாவது முடியும். கடற்கரை விடுதிக்கு என்ன நெருக்கடி? இங்கேதான் உம்ராப் போர்வை தீங்கு செய்கிறது. தனியாகத் துருக்கிக்குக் கடன் வாங்குவதென்றால் வீட்டிலுள்ள அத்தாவோ அம்மாவோ, "என்னப்பா இது?" என்று கேட்டிருப்பார்கள். உம்ராவோடு சேர்ந்து வந்ததால் யாரும் கேட்கவில்லை. தங்கையின் திருமணம், பங்காளிக்குத் தர வேண்டிய சொத்துப் பங்கு, நிலுவையிலுள்ள ஜகாத் எதையும் நினைவூட்ட யாருக்கும் வாய் வரவில்லை. பயணத்தின் பாதிச் செலவு எதற்கானது என்பது நிய்யத் வைத்தவருக்குத் தெரியும். இஹ்ராம் உடுத்திய படத்துக்கு அடுத்த நாளே நீச்சல் குளத்துப் படம் வாட்ஸப்பில் ஏறும்போது, பார்க்கும் உறவினருக்கும் தெரிந்துவிடுகிறது. இரண்டையும் இரண்டு ஆண்டுகளில் செய்தால் உம்ரா உம்ராவாக இருக்கும். ஓய்வு ஓய்வாக இருக்கும்.

அந்தக் கடற்கரைக்கு நமக்கு முன்பே ஒருவர் போயிருக்கிறார். இப்னு பதூதா 1330-களின் தொடக்கத்தில் சிரியாவின் லதாக்கியாவிலிருந்து ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவரின் கப்பலில் அலன்யாவில் வந்திறங்கினார். அந்தக் கப்பல்காரர்கள் மரியாதையாக நடத்தியதையும் கூலி வாங்க மறுத்ததையும் நன்றியோடு எழுதிவைத்தார். அவர் இறங்கிய துறைமுகத்தில் அப்போதே நூறாண்டு கண்டு நின்றது, செல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் 1226-இல் எழுப்பிய செங்கோபுரம். எண்கோண வடிவிலான அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அடுத்து அவர் சென்ற அந்தால்யாவில் நடந்ததுதான் சுவையானது. கிழிந்த உடையில் ஒரு மனிதர் வந்து விருந்துக்கு அழைத்தார். இவரால் எப்படி நம் அனைவருக்கும் உணவளிக்க முடியும் என்று இப்னு பதூதா தயங்கினார். பிறகுதான் தெரிந்தது, அவர் தோல் தைக்கும் தொழிலாளி, 'அகீ' என்ற தொழிலாளர் சகோதரக் கூட்டமைப்பின் தலைவர். ஏறக்குறைய இருநூறு கைவினைஞர்கள் அவரைத் தலைவராக ஏற்றிருந்தார்கள். பகலில் உழைத்துச் சேர்த்ததை மாலையில் ஒன்றாகப் போட்டு, தாங்கள் கட்டிய தங்குமிடத்தில் வழிப்போக்கருக்கு உணவளித்தார்கள். அதே அந்தால்யாவில் இன்று கையில் வண்ணப்பட்டை கட்டியவருக்கு மட்டுமே உணவுக்கூடத்தின் கதவு திறக்கிறது. அங்கே செல்லும் நம் குடும்பங்கள் ஒரு நாளாவது அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய ஊரின் தெருக்களில் நடந்து, ஏதாவது பள்ளியில் லுஹர் தொழுது, கடைக்காரரோடு தேநீர் அருந்தி வர வேண்டும் என்போம். கிளிஞ்சல் பொறுக்கவே நேரம் போய்விட்டது என்று திரும்பி வருவது பரிதாபம். அந்தால்யாவுக்கு அருகிலேயே அஸ்பெண்டோஸ் என்ற ரோமர் காலத்து அரங்கம் ஏறக்குறைய முழுமையாக நிற்கிறது. செல்ஜூக்கியர் அதை இடிக்காமல் பழுது பார்த்துப் பயன்படுத்தினார்கள். பூமியில் சுற்றி முன்சென்றோரின் முடிவைப் பார்க்குமாறு குர்ஆன் மீண்டும் மீண்டும் அழைப்பதை நாம் ஓதுகிறோம். அதற்கான கற்கள் அங்கே வழியெங்கும் கிடக்கின்றன.

குஷாதாசியில் தங்குவோர் சற்றுத் தொலைவில் எபேசு இடிபாடுகளுக்கு அருகே ஒரு குகையைக் காண்பார்கள். அஸ்ஹாபுல் கஹ்ஃப் உறங்கிய குகை என்று வழிகாட்டி சொல்வார். மத்தியதரைக் கடலோரத்தில் தர்சூஸிலும் அதே பெயரில் ஒரு குகை காட்டப்படுகிறது. ஜோர்டானில் அம்மானுக்கு அருகேயும் உண்டு. வெள்ளிதோறும் சூரத்துல் கஹ்ஃப் ஓதும் நம் பெண்களுக்கு அந்த இடத்தில் மனம் நெகிழ்வது இயல்பே. ஆனால் குகையின் ஊரைக் குர்ஆன் சொல்லவில்லை; அங்கே உறங்கியோரின் எண்ணிக்கையைக்கூட இறைவனின் அறிவுக்கே விட்டுவிடுகிறது. எனவே நெகிழ்ந்தால் போதும், மண் எடுத்து வர வேண்டாம்.

இப்னு பதூதா நம் பக்கத்துக்கும் வந்தவர். 1340-களில் மதுரை சுல்தான் கியாசுத்தீனின் விருந்தாளியாக இருந்தார். அந்த சுல்தான் அவருக்கு மனைவி வழி உறவினரும்கூட. ஆயினும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற அவனுடைய கொடுமையை அருவருப்போடு எழுதிவைத்தார். முஸ்லிம் அரசன், உறவினன், சோறு போட்டவன் என்பதற்காக உண்மையை விழுங்கவில்லை. 2025 மே மாதத்தில் இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது துருக்கி அரசு பாகிஸ்தானின் பக்கம் நின்றது. நம் நாட்டுப் பயண நிறுவனங்கள் பல துருக்கிப் பயணங்களை விற்பதை நிறுத்தின. நம் விமான நிலையங்களில் பணியாற்றிய செலெபி என்ற துருக்கி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை ஒன்றிய அரசு ரத்து செய்தது. அந்த நாள்களில் பயணத்தைக் கைவிட்ட குடும்பங்களையும் நாம் குறை சொல்ல மாட்டோம். முன்பே பணம் கட்டியதால் சென்று வந்தவர்களையும் குறை சொல்ல மாட்டோம். ஒரே விடுதிக்கு இரு குடும்பங்கள் சென்றால், ஒன்று விடுமுறை என்றும் மற்றொன்று விசுவாசச் சோதனை என்றும் பார்க்கப்படுவது அநீதி. அதே நேரம், துருக்கி முஸ்லிம் நாடு, ஆகவே அதன் அரசு செய்வதெல்லாம் சரி என்று தேநீர்க் கடையில் வாதாடுவதும் நமக்குத் தேவையற்றது. ஒரு நாட்டின் கடலில் குளித்ததால் அதன் வெளியுறவுக் கொள்கைக்கு வக்கீலாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

செல்பவர்களுக்குச் சில செய்திகள். பதினைந்து நாளுக்குக் குறைவாக ஓரிடத்தில் தங்குவோர் ஹனஃபீ மத்ஹபின்படி பயணிகளே. நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்க வேண்டும். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபியீ குடும்பங்களுக்கு உண்டு, ஹனஃபீகளுக்கு இல்லை. ஜூன் மாதத்தில் அங்கே மஃக்ரிப் இரவு எட்டு மணிக்குப் பிறகுதான், இஷா பத்து மணியை ஒட்டி வரும். ஃபஜ்ர் நான்கு மணிக்குள் தொடங்கிவிடும். குழந்தைகளோடு செல்வோர் பகலில் சற்று உறங்கிக்கொள்ளாவிட்டால் ஃபஜ்ர்தான் பலியாகும். தெருவோரத்தில் சிப்பிக்குள் மசாலாச் சோறு அடைத்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். துருக்கியரும் ஹனஃபீகள்தாமே, அவர்களே தின்கிறார்களே என்று நம் ராவுத்தர் பிள்ளைகள் கை நீட்டுவார்கள். ஹனஃபீ சட்டத்தில் கடல் உயிர்களில் மீன் மட்டுமே கூடும், சிப்பி கூடாது. காயல்பட்டினத்து ஷாஃபியீ மருமகன் உடன் வந்திருந்தால் அவர் உண்பார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த நாட்டுப் பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தொழ இடம் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அது இல்லை. அங்கே முதன்முறையாக ஒரு பள்ளிக்குள் ஸுஜூது செய்துவிட்டுத் திரும்பும் பெண், இங்கேயும் ஒரு மூலை வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால், ஜமாஅத் நிர்வாகிகள் அதைச் சுற்றுலாவின் கெடுதல் என்று தள்ளிவிடக் கூடாது. கேட்பது நீச்சல் குளமல்ல.

துருக்கிக்கு வசதியில்லாதவர்களே நம்மில் மிகுதி. அவர்களுக்கும் கடல் வெகு தொலைவில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்றால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் பொன்னானி. போர்த்துகீசியருக்கு எதிரான போராட்டத்தை 16-ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிவைத்த ஸைனுத்தீன் மக்தூமின் மரபு செழித்த ஊர் அது. மரத்தால் இழைத்த பழைய ஜும்ஆப் பள்ளி இன்றும் இருக்கிறது. பாரதப்புழை கடலில் கலக்குமிடத்தில் மாலையில் நின்று பார்க்கலாம். ஒரு வேன், இரண்டு குடும்பம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், கடன் தேவையில்லை. பெண்கள் தொழ எங்கே இடம் உண்டு என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையாவது பிரியாணிப் பாத்திரத்துக்கு ஆண்கள் காவல் இருக்கட்டும்.