பழைய லாரியும் கெட்டி ஆயிலும்

"வண்டிக்கு வயசாயிப்போச்சுங்க, கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்தி விடுங்க." நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் பட்டறை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உரிமையாளர் சொல்கிறார், நாமும் 15டபிள்யூ-40 ஊற்ற வேண்டிய இடத்தில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறோம். சூடேறினால் படுத்துவிடும் ஆயில் பிரஷர் முள் சற்று நிமிர்கிறது. டேப்பெட் சத்தம் அடங்குகிறது. வண்டி லோடு ஏற்றப் போய்விடுகிறது.

பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் என்பது நம் தொழிலில் யாரும் கேள்வி கேட்காத விதியாக நிலைத்துவிட்டது. அந்த விதி உருவான நாளில் இருந்த டீசல் இன்று எந்த பங்க்கிலும் இல்லை. வண்டி அன்று செய்த வேலையை இன்று செய்வதும் இல்லை. விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் அந்த முள்ளைப் பார்ப்போம். பிரஷர் மீட்டர் காட்டுவது ஆயில் ஓட்டத்துக்கு எதிர்ப்பு எவ்வளவு என்பதைத்தான். பேரிங்குக்கு எவ்வளவு ஆயில் போய்ச் சேர்கிறது என்பதை அது காட்டுவதில்லை. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடும்போது ஆயில் பக்கவாட்டில் வழிந்து ஓடுகிறது, பிரஷர் இறங்குகிறது. இந்தக் கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி கால் பங்கு அதிகமானால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எதிரே நாம் என்ன செய்கிறோம்? எஸ்.ஏ.இ. கணக்கில், 100 டிகிரி செல்சியஸில் 40 கிரேடின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. வழக்கமாகக் கிடைக்கும் ஆயில்களை ஒப்பிட்டால் 40இலிருந்து 50க்குப் போவதில் கிடைக்கும் கெட்டித்தன்மை கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. இரட்டிப்பான கசிவை அது எப்படிப் பிடித்து நிறுத்தும்? முள் கொஞ்ச நாள் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பேரிங் தன் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நிலைமை இன்னும் மோசம். 40 டிகிரியில் 15டபிள்யூ-40 ஆயில் சுமார் 110 சென்டிஸ்டோக்ஸ் என்றால் 20டபிள்யூ-50 சுமார் 165. நம் ஊர் விடியற்காலைக் குளிரில் இரண்டுமே அதைவிடக் கெட்டி. ரிலீஃப் வால்வு முன்னதாகவே திறந்து ஆயிலில் ஒரு பகுதி சம்ப்புக்கே திரும்புகிறது. ஃபில்டரின் பைபாஸ் திறந்தால் வடிகட்டாத ஆயில் உள்ளே போகிறது. டர்போவுக்கும் ராக்கர் ஷாஃப்டுக்கும் ஆயில் ஏறத் தாமதமாகிறது. தேய்ந்த இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்யும் வேலை, அந்த இன்ஜினையே தினமும் காலையில் இன்னும் கொஞ்சம் தேய்க்கிறது.

டேஷ்போர்டு முள்ளை நம்பாமல், மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்க வேண்டும். உதாரணத்துக்கு 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜின்: ஐடிலில் 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்பது அதன் குறைந்தபட்ச அளவு. ஐடிலில் முள் 15இல் நிற்பதைப் பார்த்து ஓட்டுநர் பதறலாம், நாம் பதற வேண்டியதில்லை. அளவுக்குக் கீழே போனால் சம்ப்பை இறக்கிப் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சீசன் முடியும் வரை திறக்கப் பணமில்லை என்று உரிமையாளர் கையை விரித்தால், கெட்டி ஆயிலில் சில மாதம் ஓட்டுவதை நான் பாவமென்று சொல்ல மாட்டேன். அளந்த பிரஷரையும் காரணத்தையும் ஜாப் கார்டில் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கிராங்க் போன பிறகு "ஆயில் மாத்தினது நீங்கதானே" என்ற பேச்சு வரும்போது அந்தத் தாள் உதவும்.

அடுத்தது டீசல். இதை நம் பட்டறைகள் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. 2000ஆம் ஆண்டில் இந்திய டீசலில் கந்தகம் 2,500 பி.பி.எம். வரை இருக்க அனுமதி இருந்தது. பி.எஸ்.-2 டீசலில் அது 500, பி.எஸ்.-3இல் 350, பி.எஸ்.-4இல் 50. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 10 பி.பி.எம். டீசல்தான். உங்கள் பட்டறைக்கு வரும் 2004 மாடல் வண்டியும் அதைத்தான் குடிக்கிறது.

கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரையும் பேரிங்கையும் அரிக்கும். அதை முறிக்கத்தான் ஆயிலில் காரம் சேர்க்கிறார்கள். டப்பாவின் விவரத்தாளில் டி.பி.என். என்று இருப்பது அந்தக் காரத்தின் அளவு. கந்தகம் மிகுந்த காலத்தில் டி.பி.என். அதிகமுள்ள ஆயிலைத் தேடியது சரியே. இப்போது முறிக்கக் கந்தக அமிலம் அநேகமாக இல்லை. ஆயில் ஆக்சிஜனேற்றத்தால் கெடும்போது உண்டாகும் அமிலங்கள் உண்டு என்பதால் காரம் தேவையில்லாமல் போகவில்லை, ஆனால் "டி.பி.என். கூடுதல், அதனால் பழைய வண்டிக்கு நல்லது" என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை. காரம் தரும் உலோகச் சேர்க்கை எரிந்தால் சாம்பல். ஆயில் குடிக்கும் இன்ஜினில் அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலும் வால்விலும் போய்ப் படியும். பழைய வண்டிதான் ஆயில் அதிகம் குடிக்கிறது, அதற்கே சாம்பல் அதிகமுள்ள ஆயிலை ஊற்றுகிறோம்.

இதே காரணத்தால் ஏ.பி.ஐ. வகைகளைப் பற்றிய ஒரு பழைய பயமும் காலாவதியாகிவிட்டது. 2016 டிசம்பரில் வந்த சி.கே.-4 ஆயிலில் சல்பேட்டட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த வகை ஆயிலை 15 பி.பி.எம்.முக்கு மேல் கந்தகம் உள்ள டீசலோடு பயன்படுத்தினால் ஆயில் மாற்றும் கெடு குறையலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. 350 பி.பி.எம். டீசல் ஓடிய நாட்டில் அந்த எச்சரிக்கைக்குப் பொருள் இருந்தது, இன்று இல்லை.

ஆனால் நம் கடைகளில் பழைய லாரிக்கென்று இன்னும் தாராளமாக விற்பது சி.எஃப்.-4. 1990இல் வந்த வகை. ஏ.பி.ஐ. அதை வழக்கொழிந்த பட்டியலில் சேர்த்துப் பல காலம் ஆகிறது. அதற்குப் பின் 1998இல் சி.எச்.-4 வந்தது. இ.ஜி.ஆர். உள்ள இன்ஜின்களின் கரியைச் சமாளிக்க 2002இல் சி.ஐ.-4 வந்தது, கரியால் ஆயில் கெட்டியாவதையும் ஓட்டத்தில் நசுங்கி மெலிவதையும் இன்னும் கடுமையாகச் சோதித்து சி.ஐ.-4 பிளஸ் வந்தது. புகை தள்ளும் பழைய இன்ஜினுக்குக் கரியைத் தாங்கும் ஆயில்தான் வேண்டும். அதைக் கொடுக்காமல் கிரேடு எண்ணை மட்டும் ஏற்றுகிறோம். லிட்டருக்குச் சில பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க நினைக்கும் உரிமையாளரிடம் இதை விளக்குவது நம் வேலை.

பி.எஸ்.-2, பி.எஸ்.-3 வண்டிகளுக்கு என் தேர்வு சி.ஐ.-4 பிளஸ் தரத்தில் 15டபிள்யூ-40. சி.கே.-4 ஊற்றினாலும் தவறில்லை, ஒரு விஷயத்தைக் கவனித்தால். தட்டையான டேப்பெட் கேம் மேல் உரசி ஓடும் இன்ஜின்களுக்குத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை முக்கியம். சி.கே.-4இல் பாஸ்பரஸுக்கு 0.12 சதவீதம் என்று மேல்வரம்பு உண்டு. சில தயாரிப்புகளில் அதைவிட நன்றாகவே குறைவு. சி.கே.-4 வந்த சமயத்தில் ஃபோர்டு நிறுவனம் தன் டீசல் இன்ஜின்களுக்கு இதே காரணத்துக்காகத் தனி தரக்குறியீடு கேட்டது. விவரத்தாளில் பாஸ்பரஸ் 1,000 பி.பி.எம். அளவில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் சி.ஐ.-4 பிளஸுக்கே போய்விடலாம். எஃப்.ஏ.-4 என்ற எழுத்து கண்ணில் பட்டால் பழைய வண்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது மெல்லிய ஆயில், அதற்கென்று வடிவமைத்த புது இன்ஜின்களுக்கானது.

எந்த ஆயில் என்பதற்கு நிகராக முக்கியம், வண்டி இப்போது என்ன வேலை செய்கிறது என்பது. இளமையில் நெடுஞ்சாலையில் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் ஓடிய வண்டி, வயதானபின் தண்ணீர் லாரியாகவோ குவாரி டிப்பராகவோ போர்வெல் ரிக்காகவோ மாறுகிறது. கிலோமீட்டர் மீட்டர் அநேகமாக நகர்வதே இல்லை. பல ரிக் வண்டிகளில் லாரி இன்ஜினே பி.டி.ஓ. வழியாக ஹைட்ராலிக் பம்ப்பைச் சுற்றுகிறது. ஒரே இடத்தில் நின்று இரவு முழுக்க ஓடும் இன்ஜினுக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஆயில் மாற்றுவது அர்த்தமற்ற வேலை. மணிக்கணக்கு மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். அது இல்லாத வண்டிக்கு ஒரு மணிநேர ஓட்டத்தைச் சுமார் 40 கிலோமீட்டராக எடுத்துக்கொண்டால் பாதுகாப்பான கணக்கு கிடைக்கும்.

ரிக்குக்கு இன்னொரு தொல்லை, பாறைத் தூள். ஏர் ஃபில்டரைத் தாண்டி, தளர்ந்த ஹோஸ் கிளாம்ப் வழியாக உள்ளே போகும் சிலிக்கா, ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிடும். இதற்கு உலகத்தின் எந்த ஆயிலும் மருந்தில்லை. ரிக் வண்டி ஆயில் குடிக்கிறது என்று வந்தால், ஏர் இன்டேக் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள்; விரலில் மாவு ஒட்டினால் ஆயில் பேச்சை ஒத்திவைத்துவிட்டுக் கிளாம்ப்பை மாற்றுங்கள்.

தண்ணீர் லாரியின் சங்கதி வேறு. குறுகிய நடை, நீண்ட ஐடிலிங், முழுதாகச் சூடாகாத இன்ஜின். ஈரமும் எரியாத டீசலும் ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும். இன்-லைன் ஃப்யூயல் பம்ப்பில் பிளஞ்சர் தேய்ந்திருந்தாலும் டீசல் சம்ப்புக்கு இறங்கும். டிப் ஸ்டிக்கில் அளவு குறையவில்லை என்று உரிமையாளர் சந்தோஷப்படுவார், அளவு ஏறியிருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும். கரி சேர்ந்தால் ஆயில் கெட்டியாகும், டீசல் சேர்ந்தால் மெலியும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும்போது ஆயில் விரலுக்குச் சரியாகவே தெரியும். விரலில் தேய்த்துப் பார்க்கும் சோதனை இங்கே ஏமாற்றும். ஒரு சொட்டை வடிதாளில் விட்டு ஒரு இரவு காயவிடுங்கள். நடுவில் கரி பரவாமல் ஓரம் வெட்டினாற்போல் கட்டியாக நின்றால், கரியைத் தாங்கும் சக்தி ஆயிலில் தீர்ந்துவிட்டது. வெளியே வெளிறிய வளையம் படர்ந்தால் டீசல் கலந்திருக்கிறது. இதற்குக் காசு செலவில்லை, ஏன் எல்லாப் பட்டறைகளிலும் செய்வதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆயில் குடிக்கும் அளவையும் டீசலோடு சேர்த்துப் பாருங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் எரிக்கிறது. அதே தூரத்தில் 1 லிட்டர் ஆயில் குறைந்தால் அது டீசலில் 0.4 சதவீதம். ஒரு தடவைக் கணக்கைவிட, மாதாமாதம் அது எப்படி ஏறுகிறது என்பதே இன்ஜினின் கதையைச் சொல்லும்.

பல வருடம் மலிவு ஆயிலில் ஓடிய இன்ஜினுக்கு முதன்முறை நல்ல ஆயில் ஊற்றினால் உள்ளிருக்கும் கசடு கரையும், சீல் ஓரத்தில் அடைத்திருந்த அழுக்கு கழன்று சில இடங்களில் கசியும். "நல்ல ஆயில் போட்டதும் லீக் வந்துருச்சு" என்ற புகார் முழுப் பொய்யல்ல. ஆனால் சீல் ஏற்கெனவே போயிருந்தது. கசட்டைக் கழுவ டீசல் ஊற்றி இன்ஜினை ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது பேரிங்குக்குச் செய்யும் கொடுமை. முதல் ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கமான கெடுவில் பாதியிலேயே மாற்றினால் போதும்.

சிறிய பட்டறைகளின் சங்கடம் தெரியும்: ஒரு 210 லிட்டர் பேரலுக்கு மேல் முதல் போட முடியாது. பி.எஸ்.-6 வண்டிகளும் வருகிற பட்டறையானால் அந்த ஒரு பேரல் சி.கே.-4 15டபிள்யூ-40 ஆக இருக்கட்டும், அந்த வண்டிகளின் கையேடு அதை ஏற்கிறதா என்று பார்த்துக்கொண்டு. சி.ஐ.-4 பேரலை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு பி.எஸ்.-6 வண்டிக்கும் ஊற்றினால் அதன் டி.பி.எஃப். சாம்பலால் அடைத்துக்கொள்ளும், அந்தச் செலவைப் பட்டறை தாங்காது. பழைய வண்டிகள் மட்டுமே வரும் பட்டறைக்கு சி.ஐ.-4 பிளஸ் பேரல் ஒன்று போதும். டப்பாவாக வாங்குபவர்கள், காலி டப்பாவைக் காயலான் கடைக்குப் போடுமுன் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, லேபிளையும் கிழித்துவிடுங்கள். முழுசாகப் போகும் டப்பா டூப்ளிகேட் ஆயில் நிரப்பப்பட்டு வேறொரு பட்டறைக்கே திரும்பி வருகிறது.