கை நடுக்கம் சொல்லும் சேதி

பெங்களூரில் கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் செல்லும் தமிழர்களில் சிலருக்கு, உடல் வலி தீர என்று மாலையில் தொடங்கும் குடி, நாளடைவில் காலையிலேயே வந்து நிற்கிறது. குடிப்பவர் எல்லோரும் குடிநோயாளிகள் அல்லர். ஆனால், விடிந்ததும் கை நடுங்கி, வியர்த்து, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் அடங்குகிறது என்றால், அது நோயின் அடையாளம். முன்பு போதை தந்த அளவு இப்போது போதாமற் போவது மற்றோர் அடையாளம்.

இதற்கு மன உறுதியின்மையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மது மூளையின் வேகத்தைத் தணிக்கிறது. அன்றாடம் குடிப்பவரின் மூளை, அதற்கு ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. குடி நின்றதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம் அதனால்தான். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் கண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே, கோயிலில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைப்பது, நோய் முற்றியவருக்கு ஆபத்தாகவே முடியலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. நிமான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் யோசனை கேட்கலாம். 'குடிகாரன்' என்று ஏசுவதை விட்டு, நோயாளி என்று கைப்பிடித்து அழைத்துச் செல்வதே குடும்பத்தாரின் கடமையாகும்.