முதல்ல அளவு, அப்புறம் அழகு

காலேஜ் பார்க்கிங்ல ஒரு சத்தம் எல்லாருக்கும் பழக்கம். இறக்கின கார் ஒண்ணு, பின்சீட்ல மூணு பேர், கேட் பக்கத்து வேகத்தடை. ஏறி இறங்கும்போது பின்னாடி இருந்து "சர்ர்ர்க்". உடனே ஓட்டுறவர் திரும்பி, "லைட்டா தட்டும் மச்சி, லோயர் பண்ணா அப்படித்தான்" என்பார். அந்த "அப்படித்தான்" மேலதான் எனக்குக் கோபம்.

லோயர் பண்ற கலாசாரத்துக்கு நான் எதிரி இல்லை. சரியா இறக்கின காரைப் பார்த்தா எனக்கும் கண்ணு நிக்கும். ஆனா டயர் உரசுறதை ஏதோ இந்த ஹாபியோட சந்தா மாதிரி ஏத்துக்கிறாங்க பாருங்க, அது தப்பு. வீல் வாங்குறதுக்கு முன்னாடியே உரசுமா உரசாதான்னு கண்டுபிடிக்க முடியும். அதுக்கு ஒரு ஸ்கேல், ஒரு ஜாக்கி, ப்ளஸ் டூ அளவு கணக்கு போதும். பொறியியல் படிக்கிற நாம அதைச் செய்யாம ரீல்ஸ் பார்த்து வீல் செலக்ட் பண்றோம்.

இறக்கினதால உரசலை

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் மேல போகும். எதுவரைக்கும்? பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் துண்டு தடுக்கிற வரைக்கும். காருக்கு வேற ஸ்பிரிங் மட்டும் போட்டு 30 மி.மீ. இறக்கினா, நிக்கிற உயரம்தான் மாறும். பம்ப் ஸ்டாப் அதே இடத்துலதான் இருக்கு. அதனால சக்கரம் போகக்கூடிய உச்சமும் மாறாது. முன்னாடி பெரிய பள்ளத்துல மட்டும் தொட்ட அந்த உச்சத்தை இப்போ சின்ன வேகத்தடையிலேயே தொடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, கம்பெனி வீல், கம்பெனி டயரோட இறக்கின கார் பெரும்பாலும் உரசாது. உரச வைக்கிறது நாம புதுசா மாட்டுற அகலமான வீலும், வெளியே தள்ளுற ஆஃப்செட்டும், தப்பான டயர் அளவும், பம்ப் ஸ்டாப்பை வெட்டுற கத்தியும்தான். ரெண்டாவது, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே எத்தனை விரல் போகுதுன்னு நிறுத்தி வச்ச கார்ல பார்க்கிறதுக்கு அர்த்தமே இல்லை. சக்கரம் உச்சத்துல இருக்கும்போது பக்கவாட்டுல எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு? அதுதான் கேள்வி. (உயரம் மாத்தக்கூடிய காயில்ஓவர் போட்டா பம்ப் ஸ்டாப் இடமும் மாறலாம். அப்போ அதை வச்சே அளக்கணும்.)

ஆஃப்செட்: ரெண்டு கழித்தல் கணக்கு

வீலோட அகலத்தின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்ல உட்கார்ற முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். வீலோட பின்பக்கம் 'ஈ.டி.' என்ற எழுத்தோட மி.மீ.ல அச்சாகியிருக்கும். எண் கூடினா வீல் உள்ளே போகும், குறைஞ்சா வெளியே வரும்.

பழைய வீல் 6ஜே, ஈ.டி. 40 என்று வச்சுக்குவோம். 6 இன்ச் என்பது 152.4 மி.மீ., அதுல பாதி 76.2. ஹப் முகத்துல இருந்து வெளி விளிம்பு 76.2 − 40 = 36.2 மி.மீ. உள் விளிம்பு 76.2 + 40 = 116.2 மி.மீ.

இப்போ ஆசைப்பட்ட வீல் 7ஜே, ஈ.டி. 35. பாதி அகலம் 88.9. வெளியே 53.9, உள்ளே 123.9. அதாவது ஃபெண்டர் பக்கம் 17.7 மி.மீ. தள்ளி வருது, ஸ்ட்ரட் பக்கம் 7.7 மி.மீ. நெருங்குது. "ஒரு இன்ச் தானே ப்ரோ" என்று கடையில சொன்னதுக்கு உண்மையான அர்த்தம் இது. அதே காருக்கு 6.5ஜே, ஈ.டி. 40 எடுத்தா ரெண்டு பக்கமும் 6.35 மி.மீ. மட்டும்தான் கூடும். பார்க்க ரெண்டும் ஒரே டிசைன். ஆனா ஒண்ணு உரசும், இன்னொண்ணு உரசாது.

இது ரிம் கணக்கு மட்டும்தான். டயர் ரிம்மை விடக் கொஞ்சம் புடைச்சிருக்கும். அதே டயரை அரை இன்ச் அகலமான ரிம்ல மாட்டினா டயரும் சுமார் 5 மி.மீ. அகலமாகும். இன்னொண்ணு, 205 என்று எழுதின எல்லா டயரும் ஒரே அகலம் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி சில மி.மீ. மாறும். தோள் சதுரமா இருக்கிற டயர் உரசுற இடத்துல, தோள் உருண்டையா இருக்கிற டயர் தப்பிச்சிரும்.

ஸ்விஃப்ட்டை வச்சே பார்ப்போம்

நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு நிக்கிற கார் இது. 15 இன்ச் வீல்ல வர்ற மாடலுக்குக் கம்பெனி டயர் 185/65 ஆர்15. விட்டம் போடுங்க: 15 × 25.4 = 381. அதோட ரெண்டு பக்கச் சுவர், 185-ல 65 சதவீதம் என்பது 120.25, ரெண்டு மடங்கு 240.5. மொத்தம் 621.5 மி.மீ.

195/55 ஆர்16 போட்டா 620.9. வித்தியாசம் ஒரு மி.மீ. கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, பக்கச் சுவரும் 107 மி.மீ. மிச்சம் இருக்கு. 205/45 ஆர்17 போட்டா விட்டம் 616.3, சுவர் 92. இதுவரைக்கும் ஓரளவு பரவாயில்லை.

"நல்லா டக் ஆகணும்" என்று 195/40 ஆர்17 போடுறவங்க இருக்காங்க. விட்டம் 587.8. ஸ்பீடோமீட்டர் 5 சதவீதத்துக்கு மேல கூடுதலாக் காட்டும். ஸ்பிரிங்கைத் தொடாமலேயே கார் இன்னும் 17 மி.மீ. இறங்கிடும். சுவர் 78 மி.மீ. தான், ஒரு பள்ளத்துல ரிம் வளையும். இதைவிட முக்கியம் லோடு இண்டெக்ஸ். 88 என்று இருந்தா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 81 என்று இருந்தா 462 கிலோ. டயர் வாங்கும்போது அளவுக்குப் பக்கத்துல இருக்கிற அந்த எண்ணை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

சென்னை ஜி.பி. ரோட்டுல வீல் பார்க்கப் போனா முதல்ல கேட்கிறது 4×100 பி.சி.டி. இருக்கான்னுதான். அது போல்ட் ஓட்டை பொருந்துமான்னு மட்டும்தான் சொல்லும். வண்டிக்குப் பொருந்துமான்னு சொல்லாது. நடு ஓட்டையையும் பாருங்க. ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்கள் பலதுல ஓட்டை அதைவிடப் பெருசு, நடுவுல ஹப் ரிங் போடலைன்னா ஸ்டியரிங் நடுங்கும்.

பின்சீட்டை மறக்காதீங்க

பின்னாடிதான் அதிகமா உரசுது, ஏன்? இந்த வகை ஹேட்ச்பேக்குகள்ல முன்னாடி மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னாடி டார்ஷன் பீம். முன்சக்கரம் மேல போகும்போது ஆரம்பத்துல அதோட தலை கொஞ்சம் உள்ளே சாயும், ஃபெண்டர் விளிம்புல இருந்து தானே விலகும். டார்ஷன் பீம்ல ரெண்டு சக்கரமும் சேர்ந்து மேல போகும்போது அந்தச் சாய்வு கிட்டத்தட்ட மாறாது. சக்கரம் நேரா மேல போய் விளிம்பைத் தேடும். அதனால ஓட்டுறவர் தனியா டெஸ்ட் ட்ரைவ் போயிட்டு "தட்டலை" என்று சொல்றது சோதனையே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு பேரும் பையுமா ஊருக்குக் கிளம்புற கார்தான் உண்மையான சோதனை.

நம்ம காலேஜ் மாதிரி இடங்கள்ல பாஹா, சூப்ரா டீம் இருக்கும். அவங்களைக் கேளுங்க. ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிப்படி, டிரைவர் உட்கார்ந்த நிலையில சக்கரத்துக்குக் குறைஞ்சது 50 மி.மீ. பயணம் இருக்கணும், அதுல 25 மி.மீ. மேல்நோக்கி. வழவழப்பான டிராக்ல ஓடுற ரேஸ் காருக்கே இந்த நிபந்தனை. 10 செ.மீ. வேகத்தடை தாண்டுற, அஞ்சு பேர் ஏறுற நம்ம கார்ல, ஆள் ஏறினதும் பம்ப் ஸ்டாப்ல உட்கார்ந்துடுற மாதிரி இறக்கினா அதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மதியம்

லோயரிங் ஸ்பிரிங் மாட்டும்போது ஸ்ட்ரட் எப்படியும் வெளியே வரும். அந்த நேரத்துல மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு உதவி கேளுங்க: "அண்ணே, ஸ்பிரிங் இல்லாம ஸ்ட்ரட்டை மட்டும் ஒருதரம் மாட்டித் தாங்க." காரை ஸ்டாண்ட்ல நல்லா நிறுத்திட்டு, பழைய வீலை மாட்டி, பம்ப் ஸ்டாப் தொடுற வரைக்கும் சக்கரத்தை ஜாக்கியால தூக்குங்க. பின்னாடியும் இதே மாதிரி. முன்சக்கரத்தை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்புங்க. மூணு இடத்துல அளங்க: டயருக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும், டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும், முழுசாத் திருப்பின நிலையில டயருக்கும் லைனருக்கும். ஸ்பிரிங்கைக் கழட்டுற வேலையை மட்டும் வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. அழுத்தத்துல இருக்கிற ஸ்பிரிங் ஆளை முடமாக்கிடும்.

அந்த இடைவெளியில இருந்து மேல போட்ட ஆஃப்செட் கணக்கைக் கழிங்க. ஸ்ட்ரட் பக்கம் 5 மி.மீ., ஃபெண்டர் பக்கம் 8 முதல் 10 மி.மீ. மிச்சம் இருந்தா தைரியமா வாங்குங்க. ஓடும்போது புஷ், டயர் எல்லாம் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், அதுக்குத்தான் இந்த மிச்சம். இல்லைன்னா வேற ஆஃப்செட் தேடுங்க. வீல் அழகு அப்புறம்.

அளக்காம வாங்கிட்டு, அப்புறம் தேடுற வைத்தியம் எல்லாமே நோயைவிட மோசம். ஃபெண்டர் விளிம்பை டிங்கர் கடையில மடிச்சா பெயின்ட் விரியும், துரு பிடிக்கும். லைனரை வெட்டினா மழைக்காலத்துச் சேறு ஒயரிங்ல போய் உட்காரும். ஸ்பேசர் போட்டா உள்பக்கப் பிரச்சினை வெளிப்பக்கத்துக்கு மாறும். ஸ்பிரிங்கைக் கட்டர்ல வெட்டினா சக்கரம் தொங்கும்போது அது இருக்கையை விட்டு நகரலாம். "உரசி உரசித் தானா தேய்ஞ்சிரும்" என்பது எல்லாத்தையும் விட ஆபத்து. தேயுறது பக்கச் சுவர். டயரோட மெல்லிய பகுதி அதுதான், அது கிழிஞ்சா பஞ்சர் ஒட்டிச் சரிபண்ண முடியாது. பைபாஸ்ல 100 கி.மீ. வேகத்துல அது வெடிச்சா உள்ளே இருக்கிற அஞ்சு பேரில் வண்டியை இறக்கச் சொன்னவர் ஒருத்தர்தான்.

சட்டத்தையும் மறைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில அதை உறுதிப்படுத்தியிருக்கு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறைன்னு 2019 திருத்தத்துல வந்திருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் க்ளெய்ம் நேரத்துல தலைவலி. இதெல்லாம் தெரிஞ்சுதான் முடிவெடுக்கணும். வண்டி அப்பா பேர்ல இருந்தா, அவர்கிட்டயும் சொல்லிட்டு எடுக்கணும்.

எனக்குக் கிடைச்ச வரிசை இதுதான்: எத்தனை பேர் ஏறுவாங்க, எவ்வளவு இறக்கலாம், டயர் விட்டமும் லோடு இண்டெக்ஸும் என்ன, வீல் அகலமும் ஆஃப்செட்டும் என்ன, கடைசியா டிசைன். நாம இப்போ இதைத் தலைகீழாச் செய்றோம். மெஷின் டிராயிங் பேப்பர்ல ஃபிட், டாலரன்ஸ் எல்லாம் எழுதி மார்க் வாங்கினவங்க நாம. அந்தப் படிப்பு நம்ம சொந்த வண்டியோட வீல் வெல்லுக்குள்ளயும் செல்லும்.