சட்டம் கேட்பது 800 மணி நேரம், பேருந்து கேட்பது 1,200

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,



நான் திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலை ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. குடியிருப்பது திருவண்ணாமலை நகரில். காலை 5.40-க்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். போளூருக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பேருந்து, அதற்கு மேல் ஆறு கிலோமீட்டருக்கு ஷேர் ஜீப் அல்லது இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்ளும் யாராவது ஒருவருடைய வண்டி. ஒரு வழிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம்.

ஒருநாள் பேருந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. அதே 200 நாளில் நான் பேருந்தில் கழிப்பது 1,200 மணி நேரம். பாடம் நடத்தும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் ஜன்னலோரத்தில் போகிறது. இந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாணவர் வருகை, என் வருகை, எத்தனை பேர் காலை உணவு சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் செயலியில் ஏறுகிறது. ஆசிரியர் எங்கிருந்து வருகிறார், வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்கும் கட்டம் மட்டும் எங்கும் என் கண்ணில் படவில்லை.

நான் விரும்பி மலைக்கு வந்தவள் இல்லை. வந்ததற்காக வருந்துபவளும் இல்லை. 2008-இல் பணியில் சேர்ந்தேன். சமவெளியில் நான் வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. உபரி ஆசிரியர் என்று பட்டியலில் பெயர் வந்து, பணிநிரவலில் இங்கே அனுப்பப்பட்டு ஒன்பது ஆண்டாகிறது. அப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு. இப்போது பத்தாம் வகுப்பு.

"சம்பளம் வாங்குகிறார்கள், வாடகைப்படியும் வாங்குகிறார்கள், ஊரிலேயே தங்கினால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால் நான் தங்கிப் பார்த்ததையும் சொல்கிறேன்.

பள்ளி இருக்கும் ஊரில் வாடகைக்கு வீடு கிடையாது. இருப்பவை அந்தந்தக் குடும்பத்துக்கே போதாத வீடுகள். முதல் இரண்டு ஆண்டு ஜமுனாமரத்தூரில் வேறு இரண்டு ஆசிரியைகளோடு ஓர் அறை எடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே இருந்தேன். என் ஆசிரியர் வாழ்க்கையில் ஆகச் சிறந்த இரண்டு ஆண்டுகள் அவை. நான்கு மணிக்குப் பள்ளி விட்டால் ஐந்தரை வரை இருப்பேன். எழுத்துக் கூட்ட முடியாத ஏழெட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வேன். சாமைக் கொல்லையிலிருந்தும் காட்டிலிருந்தும் பெற்றோர் திரும்பும் நேரம் அதுதான். மூன்று நாள் பள்ளிக்கு வராத பையனின் அப்பாவை வழியில் நிறுத்தி விசாரிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கையெழுத்துக்காக அல்லாமல் பேசுவதற்கென்றே தாய்மார்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரைத் தவிர எல்லாரும் ஆண்டு முடிவதற்குள் வாசித்தார்கள்.

இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் டவர் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மலை இறங்கியபோது, சிக்னல் வந்த இடத்தில் கைப்பேசி விடாமல் அடித்தது. மகளுக்கு டெங்கு, முந்தின நாளே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காத மாமியார்தான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அடுத்த வாரமே அறையைக் காலி செய்தேன்.

அன்றிலிருந்து ஏழு ஆண்டாகப் போய்வருகிறேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து இரண்டு வேளைக்கும் சமைத்து வைத்து, மாமியாருக்கு மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, மகளின் டிபன் பாக்ஸைக் கட்டிவிட்டுக் கிளம்புகிறேன். வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். மலை இறங்கும் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் நாலே காலுக்குள் பள்ளியை விட்டாக வேண்டும். திண்ணை வகுப்பு நின்றுபோனது. இந்த ஏழு ஆண்டில் அந்த ஊரின் மாலைப் பொழுதை நான் பார்க்கவில்லை. இப்போது மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். கூர்மையான பிள்ளை, மரம் செடிகளின் பெயர் அத்தனையும் தெரியும், எழுத்துதான் பிடிபடவில்லை. அவனுக்குத் தேவை தினம் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் என்னிடம் இல்லை. என் மகளுக்கும் இல்லை என்பதை அவள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும்போது உணர்கிறேன்.

இடமாறுதல் கலந்தாய்வில் கலந்துகொள்ளாமல் இல்லை. கணவன் மனைவி முன்னுரிமை இருக்கிறது. ஆனால் அது அரசுப் பணியில் இருக்கும் துணைக்கு. என் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடையைப் பணிச்சான்றாகப் பதிவேற்ற முடியாது. என் முறை வரும்போது அருகிலுள்ள இடங்கள் நிரம்பியிருக்கும். மனமொத்த மாறுதலுக்கு, மலைக்கு வர மனம் ஒத்த ஒருவர் வேண்டும்.

பதவி உயர்வும் இப்போது தூரத்தோடு சேர்த்துத்தான் வருகிறது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வியில் ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியது. அதை எதிர்த்து ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு போராடியபோது, சங்கங்களின் பிடிவாதம் என்று சிலர் எழுதினார்கள். பிடிவாதம் இல்லை, பயம். தலைமை ஆசிரியர் பதவிக்காக வேறு மாவட்டத்துக்குப் போவதா, வீட்டில் படுத்திருக்கும் பெரியவரைப் பார்ப்பதா என்று வரும்போது, தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலோராக இருக்கும் பெண்கள் எதை விடுவார்கள் என்று தாங்களே சொல்லுங்கள். இதற்கு மேல் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் என் போன்றவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். மலைப்பாதை வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தால் குமட்டுகிறது. போளூரிலிருந்து திருவண்ணாமலை வரைதான் படிக்கிறேன்.

அமைச்சர் அவர்களே, மலைப் பள்ளிகளைக் காலியாக விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அந்தப் பையனின் முகத்தில் விழிக்க முடியாது. மலைக்கு வரும் ஆசிரியருக்கு இத்தனை ஆண்டு என்று ஒரு வரம்பு வையுங்கள். அது முடிந்ததும் அவர் கேட்கும் இடத்துக்கு முதல் உரிமை கொடுங்கள். திரும்பும் நாள் தெரிந்தால் வர முன்வருவோர் கூடுவார்கள். ஒன்றியத் தலைமையிடத்தில், குழந்தையும் பெரியவர்களுமாகக் குடும்பத்தோடு இருக்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு வீடுகள் கட்டித் தாருங்கள். இரண்டு அறையும் தண்ணீரும் போதும். போக்குவரத்துத் துறை அமைச்சரிடம் பேசி, மாலை மலைப்பேருந்து ஒன்றை ஒரு மணி நேரம் தள்ளி எடுக்கச் செய்யுங்கள். இதற்குப் பெரிய செலவே இல்லை. திண்ணை வகுப்பு மறுநாளே தொடங்கிவிடும்.

இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றால், உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கலந்தாய்வு விண்ணப்பத்தில் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஆகும் பயண நேரத்தைக் கேட்டு ஒரு கட்டம் சேர்க்க உத்தரவிடுங்கள். இடம் ஒதுக்கும்போது அந்த எண்ணையும் பாருங்கள். என் கட்டத்தில் நான் எழுதப்போவது இதுதான்: ஒரு வழிக்கு மூன்று மணி நேரம், ஏழு ஆண்டாக.

இப்படிக்கு,
ஜவ்வாது மலையின் ஓர் இடைநிலை ஆசிரியை